மேன்ஷன் மேனேஜரும் ரிவர்ஸ் ப்ராக்ஸியும்

வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு, என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை நிறுவி, நான் எழுதும் பக்கங்களை மட்டும் கொஞ்ச நாள் அதிலிருந்து காட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஆசை விடவில்லை. போட்டோக்களைச் சேர்த்துவைக்க இம்மிச் வந்தது. படம் பார்க்க ஜெல்லிஃபின். பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன். கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட். ஒரே மாதத்தில் வீட்டாருக்குச் சொல்லவேண்டிய முகவரிகள் இப்படி ஆகிவிட்டன: போட்டோவுக்கு 192.168.1.20:2283, படத்துக்கு அதே எண்ணின் பின்னால் 8096, மற்றவற்றுக்கு இன்னும் இரண்டு எண்கள். "எண் முடிந்ததும் மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி, அப்புறம் எட்டு, பூஜ்யம், ஒன்பது, ஆறு" என்று அம்மாவுக்குப் போனில் சொல்லிப் பாருங்கள், கஷ்டம் புரியும்.

இதற்கு நான் தேடிக்கொண்டிருந்த விடை ஏற்கனவே அந்த லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, கேடி என்று நீங்கள் எந்த வெப் சர்வரை வைத்திருந்தாலும் அதையே ரிவர்ஸ் ப்ராக்ஸியாக வைத்துக்கொள்ளலாம். தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. பெயர்தான் கொஞ்சம் மிரட்டும்.

முதலில் போர்ட். ஐபி முகவரியைக் கட்டடத்தின் கதவு எண் என்று வைத்துக்கொண்டால், போர்ட் என்பது உள்ளே இருக்கும் அறை எண். 65,535 வரை போகும். ஓர் அறையில் பொதுவாக ஒரு நிரல்தான் உட்கார்ந்திருக்க முடியும். பிரவுசரில் வெறும் பெயரை அடித்தால், எச்டிடிபி என்றால் 80-ஆம் அறை, அதன் பூட்டிய வடிவமான எச்டிடிபிஎஸ் என்றால் 443-ஆம் அறை என்று அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் எந்தத் தளத்துக்குப் போகும்போதும் நாம் எண் அடிப்பதில்லை. நம் வீட்டுச் சேவைகளும் எண் இல்லாமல் திறக்க வேண்டும் என்றால் நான்குமே 443-இல் உட்கார வேண்டும். அறை ஒன்று, ஆள் நான்கு. அங்கேதான் இடிக்கிறது.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாடி, நாற்பது அறை, தெருவுக்கு ஒரே வாசல். வாசலை ஒட்டி ஒரு மேசை, அங்கே மேனேஜர். தபால்காரர் மாடி ஏறுவதில்லை. உறைகளை மேசையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். மேனேஜர் உறையின் மேல் இருக்கும் பெயரைப் படிப்பார், அந்தப் பெயருக்குரிய ஆள் எந்த அறை என்று அவருக்குத் தெரியும், கொண்டுபோய்க் கொடுப்பார். அறை எண் தபால்காரருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ரிவர்ஸ் ப்ராக்ஸி செய்வது இவ்வளவுதான். 443-இல் என்ஜின்எக்ஸ் மட்டும் உட்காரும். மற்ற சேவைகள் எல்லாம் மாடியில், தங்கள் தங்கள் அறையில். வரும் கோரிக்கையின் மேல் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று பார்த்து என்ஜின்எக்ஸ் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

"பெயர் எழுதியிருக்கிறது" என்பதை உவமைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே எழுதியிருக்கும். பிரவுசர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஹோஸ்ட் என்று ஒரு வரி உண்டு. முகவரிப் பட்டையில் நீங்கள் அடித்த பெயர் அதில் அப்படியே போகும். வலையின் ஆரம்பகாலத்தில் இந்த வரி கட்டாயமில்லை. 1997-இல் வந்த எச்டிடிபி 1.1 தான் அதைக் கட்டாயமாக்கியது. ஒரே ஐபி முகவரியில் நூறு தளங்கள் குடியிருக்க முடிகிறது என்றால் அதற்கு அந்த ஒற்றை வரிதான் காரணம். போட்டோ.நம்மவீடு.இன், படம்.நம்மவீடு.இன் என்று எத்தனை பெயர் வைத்தாலும், பெயருக்குரிய ஐபியைச் சொல்லும் டிஎன்எஸ்ஸில் எல்லாமே ஒரே ஐபியைக் காட்டும். பிரித்தறிவது வாசலில் இருக்கும் மேனேஜர் வேலை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேனேஜர் வந்தவரிடம் "23-ஆம் அறைக்குப் போங்க" என்று கை காட்டி அனுப்புவதில்லை. அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் ரீடைரக்ட். பிரவுசரே கிளம்பி அந்தப் போர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கும், எண்ணும் முகவரிப் பட்டையில் வந்து நிற்கும். ப்ராக்ஸி என்றால் மேனேஜரே மாடி ஏறி, கேள்வியைக் கொடுத்து, பதிலை வாங்கி வந்து, வாசலில் நிற்பவர் கையில் தருகிறார். வெளியாள் படியேறுவதே இல்லை.

சரி, ப்ராக்ஸி தெரிகிறது, அதென்ன ரிவர்ஸ்? கல்லூரியில் ப்ராக்ஸி கொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வராதவனுக்காக வகுப்பில் இன்னொருவன் "உள்ளேன் ஐயா" சொல்வது. அதாவது ஒருவர் சார்பில் இன்னொருவர் பேசுவது. கல்லூரி லேபில் பிரவுசர் செட்டிங்ஸில் ஒரு முகவரி போட்டால்தான் இணையம் கிடைக்கும், நினைவிருக்கிறதா? அது சாதாரண ப்ராக்ஸி. கேட்கும் மாணவர்கள் எல்லார் சார்பிலும் அது ஒன்றே வெளியே போய்ப் பேசும். வெளியே இருக்கும் தளத்துக்கு மாணவர்கள் யார் யார் என்று தெரியாது. ரிவர்ஸில் அது பதில் சொல்பவர்கள் பக்கம் நிற்கிறது. சேவைகள் எல்லாவற்றின் சார்பிலும் ஒருவர் வாசலில் நின்று பேசுகிறார். கேட்க வருபவருக்கு உள்ளே யார் யார் என்று தெரியாது.

என்ஜின்எக்ஸை இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்டார். ஒரே சர்வரில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்பதுதான் அன்றைய தலைவலி. நம் வீட்டுக்குப் பத்து இணைப்பு வந்தாலே அதிகம். ஆகவே பழைய லேப்டாப் தாங்குமா என்ற கவலையே வேண்டாம். ப்ராக்ஸி வேலை அதற்குக் கொசுக்கடி.

கான்ஃபிக் ஃபைலில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சர்வர் பிளாக் எழுதுவோம். அதில் முக்கியமான வரிகள் இரண்டு. சர்வர் நேம் என்ற வரியில் போட்டோ.நம்மவீடு.இன் என்ற பெயர். ப்ராக்ஸி பாஸ் என்ற வரியில் 127.0.0.1, போர்ட் 2283. இந்தப் பெயருக்கு வந்தால் இதே கணினியின் 2283-ஆம் அறைக்குக் கொண்டுபோ என்று பொருள். சேவை இன்னொரு கணினியில் ஓடினால் 127.0.0.1-க்குப் பதில் அந்தக் கணினியின் வீட்டு ஐபி. மாற்றி எழுதியதும் என்ஜின்எக்ஸையே ஒருமுறை சோதிக்கச் சொல்லிவிட்டு ரீலோட் செய்யுங்கள். சோதிக்காமல் ரீஸ்டார்ட் அடித்து, ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனதால் எல்லாச் சேவையும் படுத்துவிட்ட இரவுகள் எனக்கு உண்டு.

இரண்டு வரியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி எங்கே சிக்கும் என்றால், மேனேஜர் மாடிக்கு எதைச் சொல்லிக் கொடுக்கிறார் என்பதில்.

முதலில் பெயர். என்ஜின்எக்ஸ் மாடிக்குப் போகும்போது, வந்த உறையை அப்படியே தருவதில்லை. புது உறை போடும். அதில் ஹோஸ்ட் என்ற இடத்தில் நாம் ப்ராக்ஸி பாஸில் எழுதிய 127.0.0.1 போய் உட்கார்ந்துகொள்ளும். சேவையும் தன் முகவரி அதுதான் என்று நம்பி, லாகின் முடிந்ததும் உங்களை 127.0.0.1-க்கு அனுப்பிவைக்கலாம். வெளியூரில் போனில் பார்ப்பவருக்கு அது அவருடைய போனையே குறிக்கும். வெள்ளைத் திரைதான். அதனால் வந்த பெயரை அப்படியே கொடு என்று ஹோஸ்ட் ஹெடரை (உறையின் மேல் எழுதும் குறிப்பு வரிகளுக்கு ஹெடர் என்று பெயர்) ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். அப்பாச்சியில் இதற்கு ப்ராக்ஸி ப்ரிசர்வ் ஹோஸ்ட் என்று தனி ஆணை இருக்கிறது.

அடுத்தது, வந்தவர் யார். மாடியில் இருப்பவர்கள் கதவைத் திறந்தால் எப்போதும் மேனேஜர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். உலகத்தில் யார் வந்தாலும் சேவையின் பதிவேட்டில் 127.0.0.1 என்றுதான் விழும். இதை நான் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ஊரிலிருந்து அப்பா நெக்ஸ்ட்கிளவுட்டில் பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துக்கொண்டே இருந்தார். ஒரே ஐபியிலிருந்து தவறான முயற்சிகள் தொடர்ந்து வந்தால் அந்த ஐபிக்கு லாகினை மெதுவாக்குவது நெக்ஸ்ட்கிளவுட்டின் வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் அதன் கண்ணுக்கு எல்லாரும் ஒரே ஐபி. அப்பா செய்த தப்புக்கு வீடு முழுக்க லாகின் இழுத்துக்கொண்டு கிடந்தது. தப்பு என் கான்ஃபிக்கில்.

தீர்வு ஒரு துண்டுச்சீட்டு. மேனேஜர் உறையோடு "இவர் இன்ன இடத்திலிருந்து வந்தவர்" என்று எழுதித் தர வேண்டும். எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடர் அதுதான். கூடவே எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்று இன்னொன்று, வந்தவர் எச்டிடிபிஎஸ் வழியாக வந்தாரா என்று சொல்ல. இந்த இரண்டாவது சீட்டு இல்லாவிட்டால் வேறொரு கூத்து நடக்கும். சேவை தன்னிடம் சாதாரண எச்டிடிபியில் வந்திருப்பதாக நினைத்து எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போகச் சொல்லும், வாசலுக்கு வந்தால் திரும்ப அதே அறைக்குப் போகும், அது மறுபடி விரட்டும். கடைசியில் பிரவுசர் சலித்துப்போய் ரீடைரக்ட் அளவுக்கு மீறிவிட்டது என்று கைவிரிக்கும்.

சீட்டு யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், சரியாக யோசிக்கிறீர்கள். வெளியாளே ஒரு பொய்ச் சீட்டைச் செருகி அனுப்பலாம். அதனால் பல சேவைகள், எந்த மேனேஜர் கையெழுத்தை நம்பலாம் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளும். நெக்ஸ்ட்கிளவுட்டிலும், வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட்டிலும் இதற்கு நம்பிக்கைக்குரிய ப்ராக்ஸிகள் என்ற அமைப்பு உண்டு. ஹோம் அசிஸ்டன்ட் 2021-இல் இதைக் கண்டிப்பாக்கிவிட்டது. ப்ராக்ஸியின் ஐபியைச் சொல்லாமல் விட்டால் 400 என்ற பிழை எண்ணோடு முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். புதிதாக வருபவர்கள் பலர் இங்கே என்ஜின்எக்ஸைக் குடைந்துகொண்டிருப்பார்கள். சரிசெய்ய வேண்டியது சேவையின் பக்கம்.

எச்டிடிபிஎஸ் என்ற பேச்சு வந்துவிட்டது. ரிவர்ஸ் ப்ராக்ஸிக்கு மாற என்னை உண்மையில் தள்ளியது அழகான பெயர்கள் அல்ல, இதுதான். வால்ட்வார்டனின் வலைப்பக்கம் எச்டிடிபிஎஸ் இல்லாமல் வேலையே செய்யாது. அதற்கு வேண்டிய மறைகுறியாக்கக் கருவிகளைப் பிரவுசர் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே தருகிறது. நான்கு சேவைக்கும் நான்கு விதமாக, இந்தப் பெயர் இவருடையதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழ் ஏற்றிக்கொண்டிருக்க யாரால் முடியும்? வாசலில் ஒரே இடத்தில் ஏற்றினால் போதும். வெளியாளுக்கும் மேனேஜருக்கும் நடுவே பூட்டிய பேச்சு. ஒரே கணினிக்குள் மேனேஜருக்கும் மாடிக்கும் நடுவே சாதாரணப் பேச்சு.

சான்றிதழுக்குக் காசு இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2015 டிசம்பரில் எல்லாருக்கும் திறந்துவிட்டதிலிருந்து இலவசம். 90 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதை செர்ட்பாட் போன்ற நிரல் தானே பார்த்துக்கொள்ளும். கேடி இன்னும் ஒரு படி மேலே. பெயரையும் போர்ட்டையும் எழுதினால் போதும், சான்றிதழையும் அதுவே வாங்கும், மேலே சொன்ன சீட்டுகளையும் அதுவே எழுதும். புதிதாக ஆரம்பிப்பவர் கேட்டால் கேடியைத்தான் சொல்வேன். ஏற்கனவே என்ஜின்எக்ஸ் ஓடுகிறவர் அதற்காக மாற வேண்டியதில்லை.

ஒரு நியாயமான சந்தேகம் வரலாம். பேச்சே பூட்டியிருக்கிறது என்றால், உறைக்குள் இருக்கும் ஹோஸ்ட் வரியைப் படிப்பதற்கு முன்பே எந்தப் பெயருக்கான சான்றிதழைக் காட்டுவது? பழைய காலத்தில் இது உண்மையிலேயே முட்டுச்சந்து. 2003-இல் வந்த எஸ்என்ஐ என்ற சேர்க்கைதான் வழி திறந்தது. கைகுலுக்கும்போதே எந்தப் பெயரைத் தேடி வந்தேன் என்று பிரவுசர் உறையின் வெளியே எழுதிவிடும். விண்டோஸ் எக்ஸ்பியின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்குக் கடைசிவரை இது தெரியவில்லை. இன்று அந்தக் கவலை இல்லை.

இனி தவறுகள். 502 என்று வந்தால் மேனேஜர் மாடி ஏறிப் போனார், அறையில் ஆள் இல்லை என்று அர்த்தம். சேவை நின்றிருக்கலாம், போர்ட் எண் தப்பாக இருக்கலாம். என்ஜின்எக்ஸையே டாக்கர் கன்டெய்னருக்குள் (நிரலைத் தனி டப்பாவில் அடைத்து ஓட்டும் முறை) ஓட்டுபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. கன்டெய்னருக்குள் 127.0.0.1 என்றால் அந்தக் கன்டெய்னர் மட்டும்தான், உங்கள் லேப்டாப் அல்ல. மேனேஜர் தன் மேசைக்கு அடியிலேயே அறையைத் தேடிக்கொண்டிருப்பார். என்ஜின்எக்ஸ், சேவை இரண்டையும் கன்டெய்னர்களாக ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் வைத்து, எண்ணுக்குப் பதில் கன்டெய்னரின் பெயரைக் கொடுங்கள்.

504 என்றால் அறையில் ஆள் இருக்கிறார், பதில்தான் வரவில்லை. என்ஜின்எக்ஸ் 60 நொடி காத்துப் பார்க்கும். 413 என்றால் பார்சல் பெரிது. சொல்லாமல் விட்டால் என்ஜின்எக்ஸ் ஏற்கும் அளவு 1 எம்பிதான். இன்றைய போன் போட்டோ ஒன்றே அதைத் தாண்டிவிடும். கல்யாண வீடியோவை இம்மிச்சில் ஏற்றப்போய்ச் சின்னப் படங்கள் மட்டும் ஏறுகிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குமுன் கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ் என்ற வரியைக் கூட்டிவிடுங்கள். பக்கம் திறக்கிறது, ஆனால் உடனுக்குடன் மாறவேண்டியவை மாறாமல் நிற்கின்றன என்றால் பெரும்பாலும் வெப்சாக்கெட். கேள்வி ஒன்று, பதில் ஒன்று என்று இல்லாமல் போன் போல இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் முறை அது. என்ஜின்எக்ஸில் அப்கிரேட், கனெக்‌ஷன் என்ற இரண்டு ஹெடர்களை எழுதிக் கொடுக்க வேண்டும்.

போட்டோ.நம்மவீடு.இன் போல முன்னால் பெயர் சேர்க்கும் சப்டொமைன் வேண்டாம், நம்மவீடு.இன் என்பதற்குப் பின்னால் சாய்கோடு போட்டுப் போட்டோ, படம் என்று வைக்கலாமா என்று கேட்பார்கள். சில சேவைகள் ஒத்துக்கொள்ளும். ஜெல்லிஃபினில் அதற்கு அமைப்பு இருக்கிறது. இம்மிச் ஒத்துக்கொள்ளாது. முழுவீடும் தனக்கே என்று நினைக்கும் சேவையைத் திண்ணையில் குடிவைக்க முயல்வது வீண் வேலை. சப்டொமைனே வைத்துக்கொள்ளுங்கள்.

மேனேஜர் இருப்பதாலேயே கட்டடத்துக்குப் பூட்டு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவர் உறையில் பெயர் சரியாக இருந்தால் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். உள்ளே பாம் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை அல்ல. சேவையைப் புதுப்பித்து வைப்பதும் நல்ல பாஸ்வேர்டும் உங்கள் பொறுப்பு. ரவுட்டரில் 80, 443 இரண்டை மட்டும் திறந்தால் போதும், மற்றவை மூடியே இருக்கட்டும். வாடகை சர்வரில் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: டாக்கரில் போர்ட்டைத் திறக்கும்போது முன்னால் 127.0.0.1 சேர்க்காவிட்டால் அது உலகத்துக்கே திறக்கும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலில் மூடியிருந்தாலும் டாக்கர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். முன்வாசலில் மேனேஜரை உட்கார வைத்துவிட்டு மாடிக்கு வெளியிலிருந்து ஏணி போட்ட கதை.

பெயர் தெரியாத உறைகளுக்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். யாராவது வெறும் ஐபியை அடித்தால், பொருந்தும் பெயர் இல்லாததால், என்ஜின்எக்ஸ் கான்ஃபிக்கில் முதலில் வரும் பிளாக்கிடம் கொடுத்துவிடும். என்னிடம் அது போட்டோ சேவையாக இருந்தது. இப்போது முதல் பிளாக்காகப் பெயரில்லாத ஒன்றை வைத்து, 444 என்று திருப்பச் சொல்லியிருக்கிறேன். அது என்ஜின்எக்ஸின் சொந்தச் சரக்கு. பதிலே சொல்லாமல் கதவைச் சாத்திவிடும். சப்டொமைன் பெயரை யாரும் ஊகிக்க முடியாது என்றும் நம்ப வேண்டாம். பிரவுசர்கள் நம்பும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன, அங்கே உங்கள் பெயரும் இருக்கும். பெயர் வெளியே தெரியக்கூடாது என்றால் நட்சத்திரக் குறி போட்ட ஒரே சான்றிதழை எல்லா சப்டொமைனுக்கும் வாங்கிக்கொள்ளலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் வெளியிலிருந்து திறக்கவில்லையா? ரவுட்டரின் வெளிப்பக்க ஐபியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பித்தால் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி இல்லை. இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே ஐபிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை. அப்போது மேனேஜர் மேசையைத் தெருமுனைக்கு மாற்றலாம்: ஒரு சின்ன வாடகை சர்வரில் என்ஜின்எக்ஸ், அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்டு என்ற விபிஎன் நிரல் வழியாக ஒரு சுரங்கப்பாதை. ப்ராக்ஸி பாஸில் வீட்டு லேப்டாப்பின் சுரங்க ஐபியை எழுதினால் முடிந்தது. சேவை பக்கத்து அறையிலா, இருநூறு மைல் தள்ளியா என்பது என்ஜின்எக்ஸுக்கு ஒரு பொருட்டே இல்லை. வீட்டார் நான்கு பேர் மட்டும்தான் பயன்படுத்துவீர்கள் என்றால் எதையும் வெளியே திறக்காமல், அவர்கள் போனிலேயே வயர்கார்டைப் போட்டுவிடுவது இன்னும் நிம்மதி. அப்போதும் பெயர்களுக்கும் சான்றிதழுக்கும் ரிவர்ஸ் ப்ராக்ஸி வேண்டியிருக்கும்.

எல்லாம் ஓட ஆரம்பித்த சந்தோஷத்தில் தூரத்துக் கணினியில் கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்எச்சையும் இதேபோல் பெயர் வைத்துப் பிரித்துவிடலாம் என்று நானும் ஒரு மாலை உட்கார்ந்தேன். நடக்காது. எஸ்எஸ்எச் உறையின் மேல் பெயரே எழுதுவதில்லை, வெறும் ஐபியும் போர்ட்டும்தான். மேனேஜர் படிப்பதற்கு எதுவும் இல்லை.